பொருநையா, தாமிரபரணியா? ஒரு பெயர் வழக்கின் தீர்ப்பு

2018 அக்டோபரில் நெல்லைச் சீமையின் படித்துறைகள் எங்கும் மகா புஷ்கரம் நடந்தபோது அந்த ஆற்றின் பெயர் தாமிரபரணி. மூன்றே ஆண்டுகளில், 2021 செப்டம்பர் 9 அன்று, திருநெல்வேலியில் அருங்காட்சியகம் அமையும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அதே ஆறு பொருநை. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் தரையிறங்கி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் ஒரே நீர்தான் அது. ஆனால் எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதை வைத்தே நீங்கள் எந்தக் கட்சி என்று முடிவு செய்துவிடும் காலம் இது.

இந்த வழக்கில் நான்கு வாதங்கள் உலவுகின்றன. தாமிரச் சத்து கலந்த நீர் என்பதால் தாமிரபரணி என்பது முதல் வாதம். ‘தண்பொருநை’ என்ற தமிழ்ப் பெயர்தான் வடமொழியில் தாம்ரபர்ணி என்று திரிந்தது என்பது இரண்டாவது. வடமொழிப் பெயரே மூலம், பொருநை அதன் தமிழ்த் திரிபு என்பது மூன்றாவது. இலங்கைக்கு இருந்த தம்பபண்ணி என்ற பழைய பெயர் இந்த ஆற்றிலிருந்து போனது என்பது நான்காவது. நான்கையும் பலர் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். நான்கும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் நேருக்கு நேர் மோதுகின்றன. முதல் வாதத்தை ஏற்றால் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

ஓர் ஆற்றின் பெயரை ஆராய மூன்று உரைகற்கள் போதும். பெயர் எந்த இடத்துக்கு, எந்தக் காலத்தில் முதலில் பதிவாகிறது என்பது ஒன்று. ஒரு வடிவம் இன்னொன்றாக மாற ஒலி இடம் தருகிறதா என்பது இரண்டு. அதே பெயரோ அதே வகைப் பெயரோ வேறெங்காவது வழங்குகிறதா என்பது மூன்று. பெயரின் பொருளைச் சொல்லும் கதையை இந்த மூன்றுக்கும் பிறகுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் பெயர் பழையது, கதை புதியது. திருமணப் பந்தலில் தாகம் தீராத குண்டோதரனிடம் சிவன் ‘கை வை’ என்றதால் வைகை பிறந்தது என்கிறது மதுரைத் தலபுராணம். காகமாக வந்து கமண்டலத்தைக் கவிழ்த்ததால் காவிரி விரிந்தது என்பதும் அதே வகை. இவை பக்தியின் செல்வங்கள். பெயரின் பிறப்புச் சான்றிதழ்கள் அல்ல.

முதலில் தாமிர வாதம். நீரில் செம்பு கலந்திருக்கிறது, அதனால் நோய் தீரும் என்ற நம்பிக்கை நெல்லை மாவட்டத்தில் ஆழமானது. ஆதிச்சநல்லூரில் செம்பும் வெண்கலமும் கலந்த பொருள்கள் கிடைத்ததும் இதற்கு வலுச்சேர்ப்பது போலத் தோன்றும். ஆனால் இந்த விளக்கம் பெயரின் முற்பாதியை மட்டும் பார்க்கிறது. பிற்பாதியான பர்ணி என்னாவது? வடமொழியில் பர்ணம் என்றால் இலை. சாலபர்ணீ, ப்ருச்னிபர்ணீ, மாஷபர்ணீ, முத்கபர்ணீ என்று ஆயுர்வேத நூல்கள் செடிகொடிகளுக்கு வழங்கும் பெயர்களின் அச்சில் வார்த்ததுதான் தாம்ரபர்ணீ. செம்பு நிற இலையுடையது என்பதே அதன் நேர்ப்பொருள். ‘செந்நிறம் உடையது’ என்று பொருள் வர வேண்டுமானால் தாம்ரவர்ணீ என்றிருக்க வேண்டும். பேச்சில் தாமிரவருணி என்று சொல்வோர் உண்டு. ஆனால் பழைய பதிவுகள் எல்லாம் பகரத்தோடுதான் இருக்கின்றன. மராட்டிய மாநிலத்தின் கோலாப்பூர் மாவட்டத்துச் சந்த்கட் பகுதியில் ஓடி கடப்பிரபாவில் சேரும் ஓர் ஆற்றுக்கும் தாம்ரபர்ணி என்றுதான் பெயர். ஆக, இது பொதிகை நீரின் தனிக்குணத்தைச் சொல்ல உருவான பெயர் அல்ல. வடமொழி வழங்கிய நிலத்தில் எங்கும் வைக்கக்கூடிய பெயர். தாமிர நீர் விளக்கம் பெயரைக் கேட்ட பிறகு பிறந்தது, பெயரைப் பெற்றெடுத்தது அல்ல.

இரண்டாவது வாதம்தான் இன்று தமிழ் மேடைகளில் அதிகம் ஒலிப்பது. சங்க இலக்கியமே இந்த ஆற்றைத் தண்பொருநை என்கிறது, அதைத்தான் வடவர் தாம்ரபர்ணி ஆக்கினர் என்பது அதன் சாரம். இதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தே எடைபோட வேண்டும்.

சங்க இலக்கியத்தில் தண்பொருநை வருவது உண்மை. எங்கே வருகிறது? புறநானூற்றின் 11ஆம் பாடலில். பாடியவர் பேய்மகள் இளவெயினி. பாடப்பட்டவன் சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ. அந்தப் பொருநையின் நீர் பாய்வது வஞ்சியில். அதே நூலின் 36ஆம் பாடலில், சோழன் கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டிருக்கும்போது ஆலத்தூர் கிழார் குறிப்பிடுவது ஆன்பொருநை. அகநானூற்றின் 93ஆம் பாடலில் மணலின் எண்ணிக்கைக்கு உவமையாக வருவதும் கருவூரின் ஆன்பொருநை. இன்று கரூரில் அமராவதி என்று ஓடும் ஆறு அது. வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற நெடுநாள் விவாதம் எப்படி முடிந்தாலும் அது சேரர் ஆறு, கொற்கைப் பாண்டியர் ஆறு அல்ல. கொற்கையைப் பாடும் சங்கப் பாடல்கள் பலவும் முன்னிறுத்துவது துறையையும் முத்தையும்தான். அகநானூறு, புறநானூறு என்று பாடல் எண்களை அடுக்கி நெல்லை ஆற்றுக்குப் பழம்பெருமை தேடுகிறவர்கள் கரூர்க்காரரின் பத்திரத்தை எடுத்து நெல்லை நிலத்துக்குப் பட்டா கேட்கிறார்கள்.

ஒலி வழியாகவும் இந்த வாதம் தேறவில்லை. மேற்சொன்ன 36, 93ஆம் பாடல்களில் ‘தண்’ என்பது ஆன்பொருநைக்கு முன்னால் நிற்கிறது. அதாவது அது குளிர்ச்சியைச் சொல்லும் அடைமொழி. பெயரின் உறுப்பு அல்ல. அடைமொழி பெயரோடு ஒட்டிப் போனதாகவே வைத்துக்கொண்டாலும், தண் என்பது தாம்ர ஆவதற்கு ஒரு நெடிலும் மகரமும் ரகரமும் எங்கிருந்தோ வந்து சேர வேண்டும். அதற்கு எந்த ஒலிவிதியும் இல்லை. பிற்பாதியில் மட்டும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பொருநையை வடமொழி வாயில் போட்டால், ரகரத்துக்குப் பின் வரும் நகரம் ணகரமாகும் அம்மொழியின் இயல்பான விதிப்படி, பர்ணி போன்ற ஓர் ஒலி வரலாம். இந்த ஒற்றுமையைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் பாதி ஒற்றுமையை வைத்து முழுப் பெயரையும் நிறுவிவிட முடியாது.

இங்கே மற்ற ஆறுகள் உதவிக்கு வருகின்றன. தமிழக ஆற்றுப் பெயர்கள் வடமொழிக்குப் போன வழிகள் மூன்று. பாலாறு க்ஷீரநதி ஆனது மொழிபெயர்ப்பு: பொருள் அப்படியே போயிற்று. பெண்ணை பினாகினி ஆனது ஒலிப்பெயர்ப்பு: ஓசையை ஒட்டி ஒரு சொல்லைத் தேர்ந்து அதற்குச் சிவனின் வில்லோடு உறவும் கற்பித்தார்கள். ஆன்பொருநை அமராவதி ஆனது மாற்றீடு: பொருளும் ஒலியும் விடைபெற, முற்றிலும் வேறு பெயர் வந்து அமர்ந்தது. பொருநையிலிருந்து தாம்ரபர்ணிக்குப் போன வழி எது? மொழிபெயர்ப்பு அல்ல. செம்பிலைக்கும் பொருநைக்கும் பொருள் உறவு இல்லை. ஒலிப்பெயர்ப்பு என்றால் முற்பாதி இடிக்கிறது. எஞ்சுவது மாற்றீடு. கரூர்ப் பொருநைக்கு நேர்ந்ததுதான் நெல்லைப் பொருநைக்கும் நேர்ந்தது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் விடை. பர்ணிக்கும் பொருநைக்கும் உள்ள ஓசை ஒற்றுமை அந்த மாற்றத்தை எளிதாக்கியிருக்கலாம். உண்டாக்கியதாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது வாதம் இதன் மறுபக்கம்: பொருநை என்பதே தாம்ரபர்ணியின் தேய்ந்த வடிவம் என்பது. இதை நிராகரிக்க இரண்டு காரணங்கள் உள்ளன. பர்ணி தமிழுக்கு வந்தால் ரகரத்துக்குப் பின் ஓர் உயிர் சேர்ந்து பரணி ஆகும். இன்றைய தாமிரபரணியே அதற்குச் சான்று. பிராகிருதம் வழியாக வந்தால் பண்ணி அல்லது பன்னி ஆகும். பகரத்தின் அகரம் ஒகரமாகி, ணகரம் நகரமாகி, ஈறு ஐகாரமாகிப் பொருநை வர வழியில்லை. ஒலியை விடவும் வலுவான காரணம் கரூர் ஆறு. தாம்ரபர்ணி என்ற பெயரையே அறியாத ஓர் ஆறு சங்க காலத்தில் பொருநை எனப்படுகிறது. அப்படியானால் பொருநை தமிழ் நிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆறுகளுக்கு வழங்கிய பழைய ஆற்றுப்பெயர். கரூர் ஆற்றின் முன்னால் நிற்கும் ‘ஆன்’ ஒரு பொருநையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டவே வந்திருக்கலாம். இங்கேதான் ஒரு நல்ல முரண் தெரிகிறது. நெல்லைக்கு நேர்ச்சான்றாகத் தோற்றுப்போன அதே சங்கப் பாடல்கள், பொருநை என்ற பெயரின் தமிழ்மைக்கு மறுக்க முடியாத சான்றாக நிற்கின்றன.

நெல்லை ஆற்றுக்கு அந்தப் பெயர் வழங்கியதற்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று நம்மாழ்வார். அவர் பிறந்த குருகூர், இன்றைய ஆழ்வார்திருநகரி, இந்த ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. தம் ஊர் ஆற்றை அவர் பொருநல் என்கிறார். அடுத்த சான்று இன்னும் அழகானது. வால்மீகியின் கிஷ்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடத் தென்திசை போகும் வானரர்களுக்குச் சுக்ரீவன் வழி சொல்லும்போது அகத்தியர் மலையையும் தாம்ரபர்ணியையும் குறிப்பிடுகிறான். அதே கட்டத்தைத் தமிழில் பாடிய கம்பர் பொருநை என்று எழுதுகிறார். வடமொழிப் பெயர் கம்பரின் கண்முன்னே இருந்தது. அதைத் தமிழ் ஒலியில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். தமிழர் வழங்கும் பெயர் இது என்று தெரிந்தே அவர் பொருநையை எடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆற்றின் இரு பெயர்கள், ஒன்று மற்றொன்றின் திரிபு அல்ல என்று கொள்வதற்கு இதைவிடத் தெளிந்த இலக்கியச் சான்று வேண்டியதில்லை. இடையில் சோழர் ஆட்சிக் கல்வெட்டுகள் இதை முடிகொண்ட சோழப் பேராறு என்றும் குறித்தன. அரசன் சூட்டிய அந்தப் பெயர் அரசோடு போயிற்று. மக்கள் பெயரும் புராணப் பெயரும் நிலைத்தன.

நான்காவது வாதத்துக்குக் கடல் கடக்க வேண்டும். அலெக்சாந்தரோடு வந்த ஒனேசிக்ரிட்டஸும், கி.மு. 300 அளவில் மௌரியர் அவைக்கு வந்த மெகஸ்தனிஸும் தெற்கே ஒரு தீவைத் தப்ரோபனே என்கிறார்கள்; தம்பபண்ணியின் கிரேக்க வடிவம் அது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அசோகரின் இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கட்டளைகள் சோழர், பாண்டியர் ஆகியோருக்குப் பின் தம்பபண்ணியைச் சொல்கின்றன. அது ஆற்றைக் குறிப்பதாக வாதிட்டோரும் உண்டு. ஆனால் அரசுகளையும் நாடுகளையும் அடுக்கிச் செல்லும் வரிசையில் பாண்டியருக்குப் பின், பாண்டியர் நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆறு வருவதற்குப் பொருத்தமில்லை. நாகார்ஜுனகொண்டாக் கல்வெட்டும் தேரவாதத் துறவியரைக் குறிக்கும்போது தீவையே இப்பெயரால் சொல்கிறது.

இதற்கு எதிரே ஆற்றின் சான்றுகள் என்ன? காளிதாசரின் ரகுவம்சத்தில் பாண்டியர் ரகுவுக்குத் திறையாகத் தருவது தாம்ரபர்ணி கடலோடு கலக்குமிடத்து முத்து. அது கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு. இரு இதிகாசங்களிலும் ஆறு வருகிறது. ஆனால் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த அந்நூல்களின் ஒரு பகுதியை எடுத்து அசோகர் கல்வெட்டுக்கு முந்தியது என்று நிறுவ வழியில்லை. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளில் தாம்ரபர்ணிகம் என்று ஒன்றைச் சொல்கிறது. ஆனால் அது ஆற்று முகத்தின் முத்தா, தீவின் முத்தா என்று அந்தச் சொல்லே பிரித்துக் காட்டவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தாலமி இன்னும் கூர்மையான சாட்சி. காவிரியைக் கபேரோஸ் என்று உள்ளூர்ப் பெயராலேயே குறித்தவர் அவர். கொற்கையையும் அறிந்தவர். அந்தக் கரையின் ஆற்று முகத்தை அவர் சோலேன் என்கிறார். கிரேக்கத்தில் அது ஒரு சிப்பியின் பெயரும்கூட. தீவைத் தப்ரோபனே என்று அறிந்த அவருக்குக் கொற்கை ஆறும் அதே பெயரால் தெரிந்திருந்தால் இரண்டையும் இணைக்காமல் விட்டிருப்பாரா?

கிரேக்கர் காதில் விழாததால் பெயரே இல்லை என்று ஆகிவிடாது, ஆகவே இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் சான்றுகளின் காலவரிசை ஒரு பக்கம் சாய்கிறது: பெயர் முதலில் தீவுக்கு, பிறகு ஆற்றுக்கு. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் முத்துக்குளிப்பு ஒன்றாகக் கட்டியிருந்தது. வடபுல வணிகர் ஒரு கரையின் பெயரை மறு கரைக்கும் கொண்டுவருவது இயல்பு. 1881இல் வெளியான திருநெல்வேலிச் சரித்திரத்தில் கால்டுவெல் இதே முடிச்சைத் தொட்டார். பெயரின் பொருள் தெளிவு, அது இந்த ஆற்றுக்கு ஏன் வந்தது என்பதுதான் தெளிவில்லை என்று பிரித்துக் கண்டது அவருடைய சிறப்பு. இரு கரைகளுக்கு இடையிலான குடிபெயர்வில் விடை தேடியதும் சரியான திசை. ஆனால் கடல் கடந்து இலங்கையில் குடியேறியதாகச் சொல்லப்படும் விஜயன் கதையை வரலாற்றுச் சாட்சியாக நம்பும் அளவு இன்று நாம் துணியக் கூடாது. மகாவம்சம் தரும் விளக்கமே அதற்குக் காரணம். விஜயனின் ஆட்கள் தரையில் கையூன்ற, செம்மண் பட்டு உள்ளங்கை சிவந்ததால் தம்பபண்ணி என்கிறது அந்நூல். கை என்பதற்குப் பாலிச் சொல் பாணி. பெயரில் இருப்பதோ பண்ணி. நெடிலும் இரட்டை ணகரமும் ஒன்றையொன்று மறுக்கின்றன. சிங்களக் கரையிலும் தமிழ்க் கரையிலும் மக்கள் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். புரியாத பழம்பெயருக்குத் தங்கள் மண்ணிலிருந்து ஒரு செந்நிறத்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

இனிப் பொருநையின் பொருள். ‘பொரு’ என்றால் மோது, போர் செய். கரையைப் பொரும் வெள்ளம் என்பது தமிழுக்கு இயல்பான வழக்கு. பொருந்து என்ற வேரும் அருகில் இருக்கிறது. முதல் விளக்கமே எனக்கு ஏற்புடையது. ஆனால் நம்மாழ்வாரின் பொருநல், சங்கத்தின் பொருநை என்று ஈறு இரண்டாக நிற்கும்போது, சொல்லைப் பகுதி, விகுதி என்று அறுதியாகப் பிரித்துவிட்டதாகச் சொல்வது நேர்மையாகாது. வடமொழிக் கட்சியின் தாமிரக் கதையைக் கறாராகச் சோதித்த அதே தராசில்தான் நம் கதையையும் வைக்க வேண்டும்.

அதே கறார் அகழாய்வு விஷயத்திலும் வேண்டும். சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் கி.மு. 1155 அளவினது என்ற ஆய்வு முடிவு இந்த ஆற்றங்கரையில் மனிதர் வாழ்ந்த தொன்மையை நிறுவுகிறது. அந்த மனிதர் ஆற்றை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதை நெல் சொல்லாது. பொருநை நாகரிகம் என்ற தொடர் நாம் இன்று சூட்டியது. சூட்டியது முறைதான். ஆனால் நாகரிகத்தின் வயதை எடுத்துப் பெயரின் வயதாகக் காட்டக் கூடாது.

ஆக என் தீர்ப்பு இது. பொருநை தூய தமிழ்ப் பெயர், தாம்ரபர்ணியிலிருந்து பிறக்காதது, இது உறுதி. தாம்ரபர்ணி செம்பிலை என்ற பொருளுடைய தனி வடமொழிப் பெயர், தண்பொருநையின் திரிபு அல்ல. இதுவும் ஏறத்தாழ உறுதி. அந்தப் பெயர் தீவிலிருந்து ஆற்றுக்கு வந்தது என்பது உறுதி அல்ல, ஆனால் எதிர்த்திசையை விட வலுவான சான்றுடையது. செம்பு கலந்த நீர், சிவந்த உள்ளங்கை இரண்டும் பெயருக்குப் பின் பிறந்த கதைகள். சங்கப் பாடல்களின் பொருநை கரூர் ஆறு. பாடநூல்களிலும் அருங்காட்சியகப் பலகைகளிலும் இந்த ஒரு தவறு மட்டுமாவது நுழையாமல் காக்க வேண்டும்.

பொருநை என்றே அழைப்போம் என்பவர்களோடு நான் உடன்படுகிறேன். நம்மாழ்வாரும் கம்பரும் அழைத்த பெயருக்கு வேறு சிபாரிசு எதற்கு? ஆனால் அதை மீட்க, தாமிரபரணியைத் திருடப்பட்ட பெயர் என்று பழிக்க வேண்டியதில்லை. கடலுக்கு இரு புறமும் முத்தும் துறவியரும் வணிகரும் போய்வந்த ஒரு நெடிய வரலாறு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதைக் கொற்கையின் பிள்ளைகள் இழக்கக் கூடாது. பலகையில் இரு பெயர்களும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் அதற்கு உரிய சான்று மட்டும் இருக்கட்டும். மெய்யான சான்று இத்தனை இருக்கும்போது, பொய்ச் சான்றால் நிறுவ வேண்டிய பெருமை எதுவும் இந்த ஆற்றுக்கு இல்லை.